பீங்கான் கட்டியில் ஓடிய குங்குமம்

1

எனக்கு எழுபத்திரண்டு வயது. பாஸ்போர்ட்டில் அறுபத்தொன்பது. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. கொழுந்தனாரின் பிள்ளைகள் இரண்டு பேர் பால் மறக்காத வயதில் என் கைக்கு வந்தார்கள். ஆறு பேரையும் பள்ளிக்கூடம் அனுப்பினேன். ஒருத்தரையும் பாதியில் நிறுத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் எழுதப்போவது பெருமைக்குரிய விஷயம் இல்லை.

நான் எழுதப் படிக்கக் கற்றது ஐம்பத்தைந்து வயதில், கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் நடந்த பெரியவர்கள் வகுப்பில். அதனால் வேகமாக எழுத வராது. ஒரு பக்கத்துக்கு ஒரு பகல் ஆகிறது, அதிலும் இந்த ஊர்ப் பகல் குட்டை. அடித்து அடித்து எழுதுகிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கனடாவில் ஆல்பர்ட்டா என்ற பக்கத்தில், என் கடைசி மகள் அமுதாவின் வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரர் போன மறு வருஷம் வந்தேன். ஐந்து வருஷம் ஆகிறது. இந்தக் கார்த்திகை தீபத்தன்று இந்த வீட்டில் ஒன்று நடந்தது. அன்றையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. அதனால்தான் இந்த நோட்டை எடுத்தேன்.

2

இங்கே என் நாள் எப்படிப் போகிறது என்று ஊரில் கேட்பார்கள். காலையில் எழுந்ததும் சன்னலுக்குப் போவேன். வெளியே இருட்டு. வெள்ளையாகத் தெரிவது பனி. வந்த வருஷம் பழக்கதோஷத்தில் வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டேன். தெளித்த தண்ணீர் கண்ணாடியாக உறைந்துவிட்டது. தபால்காரர் வந்தார், கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார், எழுந்து துடைத்துக்கொண்டு என்னிடம் 'சாரி' சொல்லிவிட்டுப் போனார். விழுந்தவர் அவர், சாரி சொன்னவரும் அவர். அன்றோடு வாசல் தெளிப்பதை விட்டேன்.

பேத்தி நிலாவுக்கு ஒன்பது வயது. அவளைக் கோட்டு, குல்லாய், கையுறை எல்லாம் மாட்டிப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றுவது என் வேலை. நான் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்லுவாள். போன வருஷம் வரைக்கும் பாதியாவது தமிழில் வந்தது. மருமகன் வடக்கே எண்ணெய் மணல் தோண்டுகிற இடத்தில் வேலை. இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் வீட்டில். அமுதா ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனால் எத்தனை மணிக்கு வருவாள் என்று அவளுக்கே தெரியாது. நான் இல்லையென்றால் அந்தக் குழந்தை பூட்டின வீட்டுக்குத்தான் வரும். நான் இங்கே இருப்பதற்குக் காரணம் அதுதான், வேறெதுவும் இல்லை.

பகலில் பெரிய கடைத்தொகுதிக்குள் நடக்கப் போவேன். வெளியே நடக்க முடியாத குளிர் என்பதால் வயதானவர்கள் எல்லாம் கடை திறக்கும் முன்னே உள்ளே வந்து நடக்கிறார்கள். அவரவர் இஷ்டத்துக்கு எதிரும் புதிருமாகப் போவார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றி வந்த கால் எனக்கு, இடமாகச் சுற்ற வராது. நடுவில் இருக்கிற நீரூற்றை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு எட்டுச் சுற்று. எதிரில் வருகிறவர்கள் வழி விடுவார்கள்.

அரசாங்க ஆபீஸுக்கும் எனக்கும் தகராறு என் பிறந்த தேதியில் ஆரம்பித்தது. சித்திரையா வைகாசியா என்று எனக்கே தெரியாது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தவர் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார், மூன்று வயதையும் குறைத்துவிட்டார். ஜூன் ஒன்றாம் தேதி வந்தால் இங்கே எனக்கு கேக் வெட்டுகிறார்கள். யாருடைய பிறந்த நாளுக்கோ போனவள் மாதிரி நானும் நின்று கைதட்டுகிறேன். இந்த நாட்டில் தங்குவதற்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள். ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷமாவது இங்கே இருந்தால்தான் அது செல்லும். ஊரில் இருந்த நாட்களை அமுதா நாள்காட்டியில் வட்டம் போட்டு எண்ணி வைத்திருக்கிறாள். சொந்த ஊரில் இருப்பதற்குக் கணக்குக் கேட்கிற ஆபீஸை நான் இங்கேதான் பார்த்தேன்.

3

அமுதாவின் வேலையைச் சொல்ல வேண்டும். எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன்.

எண்பத்தொன்பதில் எங்கள் கொல்லையில் சாண காஸ் குழி கட்டினோம். அமுதா அப்போது பிளஸ் டூ. தினம் இரண்டு கூடை சாணத்தைக் கரைத்து ஊற்றுவது நான். அடுப்பில் குனிந்து குனிந்து பார்ப்பது அவள்.

"எம்மா, வெறகு மஞ்சளா எரியுது. இது ஏன் நீலமா எரியுது?"

"சோறு வெந்தா போதும்டி. எந்தக் கலர்ல எரிஞ்சா உனக்கு இன்னா?"

இப்படித்தான் பதில் சொன்னேன். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. அவளே படித்துத் தெரிந்துகொண்டாள். அந்தக் காஸுக்குப் பேர் மீத்தேன். மார்கழி, தை குளிரில் குழி சோம்பிப்போகும், காஸு கம்மியாக வரும். ஒரு டீ வைப்பதற்குள் அணைந்துவிடும். அந்தக் குழியை என் பிள்ளைகள் இப்போது மூடி, அதன்மேல் வண்டி நிறுத்துகிறார்கள். சிலிண்டர் வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த நாற்றம் பட்டவளுக்குத் தெரியும்.

அதே மீத்தேனைத்தான் அமுதா இங்கே மடக்கி வேலை வாங்கப் பார்க்கிறாள். பீங்கான் மாவைப் பசையோடு குழைத்து, அப்பளத்தைவிட மெல்லிசான தாளாக இழுக்கிறார்கள். வேர்க்கடலைத் தோலில் ஓடுகிற நரம்பு மாதிரி அதில் சின்னச் சின்ன வழிகளை வெட்டுகிறார்கள். அப்படி இருபது தாளை அடுக்கி, அழுத்தி, சூளையில் மூன்று நாள் மெதுவாகச் சூடேற்றி மெதுவாக ஆறவிடுகிறார்கள். எடுத்தால் இருபது தாளும் ஒட்டி ஒரே வெள்ளைக் கட்டி. சோப்புக் கட்டியைவிடக் கொஞ்சம் அகலம். உள்ளே நூற்றுக்கணக்கில் வழிகள்.

ஒரு வரிசை வழியில் மீத்தேனும் நீராவியும் போகும். அடுத்த வரிசையில் நெருப்பு. நடுவில் இருக்கிற சுவர் நகத்தின் கனம்கூட இல்லை. சுவரில் ஏதோ மருந்து பூசியிருக்கிறார்கள். மீத்தேனாக உள்ளே போனது, வேறு இரண்டு காஸு கலந்த கலவையாக வெளியே வருகிறது. அதிலிருந்து டீசல் செய்யலாமாம். "நீ வயலுக்குப் போட்ட யூரியாகூட அதுலேர்ந்துதாம்மா வந்துச்சு" என்றாள். பெரிய தொழிற்சாலையில் பனைமர உயரக் குழாய்களில் நடக்கிற வேலையாம் இது. அவர்கள் அதை ஒரு கட்டிக்குள் அடக்கப் பார்க்கிறார்கள். அந்தச் சூட்டில் இரும்பு தளர்ந்துபோகும், பீங்கான் நிற்கும்.

நிற்கும், ஆனால் விரியும். தாளும் தாளும் ஒட்டுகிற இடத்தில் மயிரிழை விரிசல். ஒன்று விரிசல் விட்டாலும் நெருப்பும் காஸும் ஒன்றாகிவிடும், கட்டி செத்தது. ஏழு வருஷமாக அவள் இதோடு போராடுகிறாள். நான் வந்த நாளாக இந்த வீட்டில் சாப்பாட்டு வேளைப் பேச்சு விரிசல்தான். கெட்டுப்போன கட்டிகளில் நீல மையால் பெருக்கல் குறி போட்டு, நீல பிஸ்கட் டப்பாவில் வைத்து வீட்டுக்கு எடுத்துவருவாள். நான் அவற்றைச் சூடான பாத்திரத்துக்கு அடியில் வைப்பேன். சமையலறையில் பதினோரு கட்டிகள் இருக்கின்றன. பதினோரு தோல்வி என்று அவள் சொல்லுவாள். எனக்கு நல்ல பிரிமணை.

4

வந்த புதிதில் ஒரு நாள் அமுதா எங்களைக் காரில் தூரமாகக் கூட்டிப்போனாள். தரை அங்கே தட்டையாக இருக்கும். மலை இல்லை, மேடுகூட இல்லை. பொழுது சாய்கிற நேரம். வெகுதூரத்தில் ஆகாசத்தை ஒட்டி ஒரு தீ எரிந்தது. தனியாக, உயரத்தில், காற்றில் சாய்ந்து சாய்ந்து எரிந்தது.

"அமுதா, வண்டிய நிறுத்து" என்றேன். இறங்கி, குளிரில் செருப்பைக் கழற்றி விட்டு, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்று கும்பிட்டேன்.

நிலா சிரித்தாள். அமுதா சிரிக்கவில்லை.

"எம்மா, அது சாமி இல்லம்மா. எண்ணெய்க் கெணத்துலேர்ந்து வர்ற காஸு. கொழாய் போட்டு ஊருக்குக் கொண்டாறது கட்டுபடியாவாதுன்னு கம்பத்து மேல கொளுத்தி உடுறாங்க."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"ராவும் பகலுமா?"

"ஆமாம்மா. வருஷம் பூரா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. தை மாதத்தில் ஒரு டீக்கு நான் அந்தக் குழியோடு மல்லுக்கட்டியது எனக்குத்தான் தெரியும். "யாரும் கேக்க மாட்டாங்களா?" என்றேன்.

"அதுக்குத்தாம்மா நான் பாடுபடறேன். என் கட்டிங்கள ஒரு பொட்டியில அடுக்கி, கெணத்துப் பக்கத்துலயே வெச்சா, அந்தக் காஸு எரியாது. எண்ணெயா மாறும். லாரியில ஏத்திடலாம்."

இங்கே பெட்ரோலுக்கும் காஸ் என்றுதான் பேர். காஸ் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வண்டிக்குத் தண்ணியாக ஊற்றுவதைப் பார்த்து எனக்கு முதலில் தலை சுற்றியது. இவள் காஸைத் தண்ணியாக்குகிறேன் என்றதும் சரிதான், பேராவது பொருந்தட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வருகிற வழியில் அமுதா ஒன்று சொன்னாள். "ஒரு நல்ல கட்டி தேறிட்டா, பெரிய பொட்டி கட்டற வேலை. அப்புறம் இன்னும் அஞ்சாறு வருஷம் இங்கதாம்மா. தேறலைன்னா இந்த வேலைய மூடிடுவாங்க. மூடினா நான் ஊருக்கே வந்துடுவேன். மெட்ராஸ்ல ஒரு காலேஜ்ல கூப்பிட்டுக்கினே கீறாங்க. நிலாவுக்கும் தமிழ் வரும், நீயும் உன் ஊர்ல இருக்கலாம்."

அவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். தேறினால் இங்கே, தேறாவிட்டால் ஊர். அன்றையிலிருந்து அவள் ஒவ்வொரு கட்டியோடு வீட்டுக்கு வரும்போதும் நான் முதலில் பார்த்தது நீலப் பெருக்கல் குறி இருக்கிறதா என்றுதான். இருந்தால் வாயால் "போகுது விடு" என்பேன். உள்ளுக்குள் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

5

எங்கள் பக்கத்தில் தீபத்தன்று மலையில் ஏற்றாமல் ஒரு வீட்டிலும் விளக்கு ஏற்றமாட்டார்கள். திருவண்ணாமலையில் மட்டும் இல்லை, உச்சி தெரிகிற கிராமம் எல்லாவற்றிலும் அப்படித்தான். அகல், திரி, எண்ணெய் எல்லாம் வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக் காத்திருப்பார்கள். அங்கே தீ தெரிந்ததும் ஊரே ஒரே நேரத்தில் வெளிச்சமாகும். அங்கே சாயங்காலம் ஆறு மணி என்றால் இங்கே விடிகாலை ஐந்தரை. நான் ஐந்து வருஷமும் ஐந்தரைக்குத்தான் ஏற்றினேன், என் மூத்த மகன் ஏழுமலை மாடியில் நின்று போனில் சொன்ன பிறகுதான்.

இந்த வருஷமும் குளித்துவிட்டுச் சன்னலோரம் எல்லாம் எடுத்துவைத்தேன். வீட்டுக்குள் புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்று கூரையில் இருக்கிறது. அதனால் சன்னல் பலகைதான் எனக்கு மாடம். போன வருஷம் அந்தப் பலகையில் சூடு பட்டு வெள்ளைப் பூச்சு மஞ்சளாகிவிட்டது. "கீழ எதையாவது வெச்சு ஏத்தும்மா" என்று அமுதா சொல்லியிருந்தாள். சமையலறைக் கட்டிகள் எல்லாம் கரி பிடித்துக் கிடந்தன. சாமிக்கு அதையா வைப்பது? கூடத்து மேசையில் நீல பிஸ்கட் டப்பா இருந்தது. முந்தின நாள் அமுதா கொண்டுவந்தது. கெட்டுப்போனதுதானே வீட்டுக்கு வரும் என்று நினைத்தேன். திறந்தேன். பஞ்சுக்குள் புதுக் கட்டி, பளிச்சென்று. எடுத்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, அதன்மேல் புது அகலை வைத்து எண்ணெய் ஊற்றினேன்.

புது அகலை ஒரு பொழுது தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயைக் குடித்து அடியில் கசியும். எனக்குத் தெரியாதது இல்லை. மறந்துவிட்டேன்.

"இன்னாடா, ஏத்திட்டாங்களா?"

"இன்னும் இல்லம்மா. மோடமா கீது. உச்சியே தெரியல."

"கண்ணாடி போட்டுக்கினு பாரு."

"போட்டுக்கினுதாம்மா கீறேன். கண்ணாடிக்கு மோடம் வெலகுமா?"

கொஞ்ச நேரம் மாடியில் நிற்கிறவர்கள் பேச்சு மட்டும் கேட்டது. "தை மாசம் வரட்டுமாடா?" என்று கேட்டேன். இந்த வருஷம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

"வாம்மா. நம்ம வீட்டுக்கு வர்றதுக்குக் கேக்கணுமா? மேல ரூம் எடுத்துக்கினு கீறோம், ஒரே மண்ணும் சிமெண்டும். கொஞ்சம் பொறுத்து... தோ! தோ! தெரிஞ்சிடுச்சும்மா! ஏத்திட்டாங்க! அரோகரா!"

நானும் ஏற்றினேன். கண்ணாடிக்கு வெளியே பனி, உள்ளே ஒரு சுடர். கும்பிட்டேன். பத்து நிமிஷம் போனதும் அகலின் அடியில் எண்ணெய் கட்டியிருப்பது தெரிந்தது. விளக்கை மெதுவாகத் தூக்கி வேறு தட்டுக்கு மாற்றிவிட்டுக் கட்டியைத் துணியால் துடைத்தேன். மஞ்சள் போனது, எண்ணெய் போனது. குங்குமம் ஒரு கோடாக நின்றுவிட்டது. விளிம்பில் ஆரம்பித்துப் பாதிக் கட்டிவரை, தலைமயிர் அளவு, நேர்க்கோடு. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. சிவப்பு உள்ளே இறங்கியிருந்தது.

திருப்பிப் பார்த்தேன். நீலப் பெருக்கல் குறி இல்லை.

அப்போதுதான் முந்தின நாள் பேச்சு மண்டையில் ஏறியது. "ஒண்ணு தேறிடுச்சும்மா. நாளைக்கு நானே ஏரோப்ளேன்ல கையில எடுத்துக்கினு போறேன். பெரியவங்க முன்னாடி வெச்சுக் காட்டணும்." அது ஆராய்ச்சிக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கோ, பஞ்சு வைத்த டப்பா அது ஒன்றுதான் இருந்திருக்கிறது.

இப்போது எழுதப்போவதுதான் எழுத வந்தது. எனக்கு முதலில் பயம் வரவில்லை. 'போகலாம்' என்ற ஒரு சொல் வந்தது. விரிசல் விட்டுவிட்டது, வேலை மூடிவிடும், ஊருக்குப் போகலாம். கட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். துடைத்தேன். கோடு அடியில் வருகிற மாதிரி கவிழ்த்துப் பஞ்சுக்குள் வைத்து டப்பாவை மூடினேன். போய் உப்புமாவுக்கு வெங்காயம் அரிந்தேன். ஏழுமலை மேலே எடுக்கிற ரூமில் கட்டில் எந்தப் பக்கம் போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

6

அமுதா எழுந்து வந்தாள், குளித்தாள், சாப்பிட்டாள். அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்து நாளாகிவிட்டது. கண்ணாடி முன்னால் நின்று இங்கிலீஷில் பேசிப் பேசிப் பார்த்தாள். எட்டு மணிக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு, டப்பாவைப் பையில் வைத்து, என் முன்னால் வந்து நின்றாள்.

"துண்ணூறு வெச்சு உடும்மா."

பரீட்சைக்குப் போகும்போது நின்ற மாதிரியே கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். திருநீற்றை எடுத்துக் கையைத் தூக்கினேன். சுரண்டிய நகக்கண்ணில் குங்குமம் இன்னும் சிவப்பாக இருந்தது. அந்த விரலை அவள் நெற்றிக்குக் கொண்டுபோக முடியவில்லை.

"அமுதா, அந்த டப்பாவத் தெற."

"ஏம்மா?"

"தெறடி."

திறந்தாள். திருப்பினாள். அவள் முகம் எப்படிப் போனது என்று எழுத எனக்கு எழுத்துப் பத்தாது.

"இது இன்னா? எம்மா, இது இன்னா?"

"அதும்மேல வெளக்கு ஏத்திட்டேன். உன் பழைய கட்டின்னு நெனச்சிட்டேன். இப்பதான் பார்த்தேன்."

"ஏழு வருஷம்மா! உனக்கு வெக்கறதுக்கு இந்த வீட்ல வேற ஒண்ணுமே கெடைக்கலையா? ஒரு தட்டு இல்ல? ஒரு கிண்ணம் இல்ல?" என்று கத்தினாள். நிலா மாடிப்படியில் வந்து நின்றாள். அமுதா கோட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் யாரிடமும் தப்பு என்று தலை குனிந்தவள் இல்லை. மாமியாரிடம் இல்லை, வீட்டுக்காரரிடம் இல்லை. அன்றைக்குச் சொன்னேன். "நான்தான் ஒடச்சேன். அப்படியே போய்ச் சொல்லு. எங்கம்மா ஒண்ணும் தெரியாதவ, வெளக்குச் சூட்டுல வெரிசல் உட்டுடுச்சுன்னு சொல்லு. இன்னொண்ணு செய்யறதுக்கு டைம் குடுக்க மாட்டாங்களா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கோபம் போய் வேறு ஒன்று வந்தது. யோசனை.

"குடுப்பாங்க" என்றாள். "அப்படிச் சொன்னா கண்டிப்பா குடுப்பாங்க."

பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து அந்தக் கோட்டையே பார்த்தாள். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள். "அகல் சூடு இதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. சூளையில இருந்து வந்தது இது. ஆனா சன்னல் பக்கம் பனி, மேல நெருப்பு. அதனாலயும் இருக்கலாம். ஒடச்சிப் பார்த்தாத்தான் தெரியும். ஒடச்சா ஒண்ணும் மிஞ்சாது."

"ஒடைக்காத. நான் ஒடச்சேன்னு சொல்லிட்டேன் இல்ல?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். இஞ்சி தட்டுகிற குழவியை எடுத்தாள். கட்டியைத் துணியில் சுற்றி ஒரே தட்டு. பிரித்துப் பார்த்தால் கோடு போன வழியிலேயே இரண்டாகியிருந்தது. சமையலறை லைட் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு என்னையும் கூப்பிட்டாள்.

"இங்க பாரும்மா. இப்ப ஒடஞ்ச எடம் கல்கண்டு ஒடச்ச மாதிரி சொரசொரன்னு மின்னுது. செவப்பு ஓடின எடம் எப்படி கீது?"

"வழவழன்னு கீது."

"சூளை நெருப்புல ஒருகித்தான் அப்படி வழவழப்பாவும். வெளக்குல ஆவாது. இந்த வெரிசல் பொறக்கும்போதே இருந்துச்சும்மா. காத்தடிச்சு சோதிச்சப்ப வாய மூடிக்கினு இருந்திருக்குது. நாங்க பாக்கல."

"அப்ப நான் இல்லையா?"

"நீ இல்ல."

இரண்டு துண்டையும் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்தாள். "இதையேதான் காட்டப் போறேன்" என்றாள். "மூடிட்டாங்கன்னா மூடட்டும்." நெற்றியைக் காட்டினாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து திருநீறு வைத்தேன்.

7

மூன்றாம் நாள் திரும்பி வந்தாள். பெரிய பெட்டி கட்டுகிற வேலையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் மூடவில்லை. விரிசல் எங்கே பிறக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு வருஷம் கொடுத்திருக்கிறார்கள், ஆளைப் பாதியாகக் குறைத்து. சாயம் ஊற்றி விரிசல் பார்க்கிற வழக்கம் அவர்களிடமும் முன்பே உண்டாம். சாயம் அந்தச் சின்ன வழிகளுக்குள் போய் மருந்தைக் கெடுத்துவிடும் என்று இந்தக் கட்டிக்கு மட்டும் செய்யாமல் விட்டிருக்கிறார்கள். அதை அவளே அவர்கள் முன்னால் ஒப்புக்கொண்டு வந்திருக்கிறாள்.

ஆக, ஊரும் இல்லை, பெட்டியும் இல்லை. இன்னும் ஒரு வருஷம் இதே சன்னல். அதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். தாங்க முடியாதது வேறு.

வந்ததும் அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "எம்மா, நீ மட்டும் உடனே சொல்லாம இருந்தா, அதை நல்லதுன்னு நெனச்சு அவங்க கையில குடுத்திருப்பேன். பொட்டி கட்டி, கெணத்துல வெச்சு, காஸும் நெருப்பும் கலந்து எவனாவது செத்திருப்பான். உன்ன அப்படிப் பேசிட்டேன், மனசுல வெச்சுக்காத" என்றாள். மருமகன் வந்ததும் அவரிடமும் சொன்னாள். போனில் ஏழுமலையிடம் சொன்னாள். "அம்மா பார்த்த ஒடனே சொல்லிட்டாங்க."

உடனே. இந்தச் சொல்லை அவள் சொல்லும்போதெல்லாம் நான் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். கடைத்தொகுதியில் எட்டுச் சுற்று பத்தாகி, பன்னிரண்டாகிவிட்டது. ஐந்தே முக்காலுக்குப் பார்த்தேன், எட்டு மணிக்குச் சொன்னேன். நடுவில் கழுவினேன், கவிழ்த்து வைத்தேன், வெங்காயம் அரிந்தேன். என் மகளின் ஏழு வருஷம் கெட்டுப்போனால் எனக்கு ஊர் கிடைக்கும் என்று இரண்டு மணி நேரத்துக்கு மேலே சந்தோஷமாக இருந்தேன். செத்துப்போயிருப்பான் என்று அவள் சொன்ன ஆள் அப்போது என் நினைப்பில் இல்லவே இல்லை. ஆறு பிள்ளை வளர்த்தவள் நான். இதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அமுதா சமையலறையில் இட்லிக்கு அரைக்கிறாள். நிலா சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றிருக்கிறாள். மெதுவாகப் படித்தாலும் தப்பில்லாமல் படிப்பாள். மேலே எழுதினது வரைக்கும் முடித்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். வந்து நோட்டை வாங்கிப் புரட்டினாள். அவள் பாதி இங்கிலீஷில் கேட்டதைத் தமிழாக்கி, நான் சொன்னதையும் சேர்த்து எழுதிவிட்டு அவள் கையில் கொடுக்கிறேன்.

"இவ்ளோ பேஜா? எல்லாம் படிக்கணுமா ஆயா?"

"எல்லாம்தான் கண்ணு. மொதல்லேர்ந்து. ஒரு வரி உடக் கூடாது."

"இங்க உக்காந்தா?"

"சமையக்கட்டு வாசப்படியில உக்காரு. அந்த மிக்ஸி நிக்கட்டும், அப்புறம் ஆரம்பி. சத்தமாப் படிக்கணும்."

"உனக்குத்தான் காது நல்லாக் கேக்குமே ஆயா."

"எனக்கு இல்லடி. உங்கம்மாவுக்குக் கேக்கணும். படி."